ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்: உதைத்தும் நகரவில்லையா? ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் முறை

தவளைபோல் கையையும் காலையும் விரித்துச் சேர்த்து நீந்தும் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு லேனைக் கடந்துவிடுவீர்கள். ஆனால் மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்குகிறது. பக்கத்து லேனில் வயதான ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் உங்களைத் தாண்டிப் போகிறார். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிதக்கவும் தண்ணீருக்குள் மூச்சை விடவும் தெரியாதவர்கள் முதலில் ஒரு பயிற்சியாளரிடம் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

நான் தடுமாறிய காலத்தில் யாரைக் கேட்டாலும் வந்த பதில் ஒன்றுதான்: "இன்னும் பலமா உதைங்க." பலமாக உதைத்தால் களைப்புதான் கூடியது. தண்ணீரில் உடம்பு எப்படி நகர்கிறது, எங்கே தடைபடுகிறது என்று புரிந்த பிறகுதான் எதைத் திருத்த வேண்டும் என்றே தெரிந்தது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். உடம்பு கிடையாக நிற்காதவருக்குக் கிக் வேலை செய்யாது. கிக் வராதவர் கைக்கும் காலுக்கும் உள்ள நேரக்கணக்கைத் திருத்தி என்ன பயன்?

1. தண்ணீர் எங்கே தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பைத் தாண்டிப் போக ஒவ்வொரு விநாடியும் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்கை நெருங்கும். வெறும் பலத்தை வைத்து வேகத்தைக் கூட்டப் பார்ப்பது கட்டுப்படியாகாது என்பதற்கு இதுதான் காரணம். எதிர்ப்பைக் குறைத்தால் அதே பலத்தில் இன்னும் தூரம் போகலாம்.

எதிர்ப்பு மூன்று வகையில் வருகிறது. தண்ணீருக்கு எதிரே உங்கள் உடம்பு எவ்வளவு அகலமாக நிற்கிறது என்பது ஒன்று. மேற்பரப்பில் நீங்கள் எழுப்பும் அலை இன்னொன்று. தோலிலும் உடையிலும் ஏற்படும் உராய்வு மூன்றாவது. நம்மைப் போன்றவர்கள் உராய்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முதல் இரண்டுதான் நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன.

ஃப்ரீஸ்டைலில் ஒரு கை தள்ளிக்கொண்டிருக்கும்போது மற்றொரு கை காற்றில் திரும்பி வருகிறது, தள்ளுவது நிற்பதில்லை. ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரண்டு கைகளும் ஒன்றாகப் போகின்றன, இரண்டு கால்களும் ஒன்றாகப் போகின்றன. போதாததற்கு, கையும் காலும் தண்ணீருக்குள்ளேயே முன்னோக்கித் திரும்ப வேண்டும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. முழங்காலை மடக்கும் அந்த நொடியில் வேகம் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் இது பொருந்தும். ஆண்கள் 100 மீட்டர் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் பிரிட்டன் வீரர் ஆடம் பீட்டி 2019-ல் எடுத்த நேரம் 56.88 விநாடி. அதே தூரத்தை ஃப்ரீஸ்டைலில் சீன வீரர் பான் ஜான்லே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 46.40 விநாடியில் முடித்தார். பத்து விநாடிக்கு மேல் வித்தியாசம்! பீட்டியிடம் பலம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த நீச்சலின் அமைப்பே அப்படி.

ஆகவே இனி உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே இன்னும் பலமாகத் தள்ளலாம்" என்பதல்ல, "எங்கே நான் நிற்கிறேன்" என்பதுதான்.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை, கேட்டு வைக்க வேண்டியவை

கண்ணில் சரியாகப் பொருந்தும் காகிள்ஸ், உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை, தொப்பி, இவ்வளவு போதும். தொளதொளப்பான அரைக்கால் சட்டை தண்ணீரை அள்ளிக்கொண்டு வரும், அதை விட்டுவிடுங்கள். காகிள்ஸை வாங்குவதற்கு முன் பட்டையை மாட்டாமல் கண்ணில் லேசாக அழுத்திப் பாருங்கள். ஓரிரு விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். கையில் பிடித்துக்கொண்டு உதைக்கும் பலகையான கிக்போர்டும் கால்களுக்கிடையே வைக்கும் மிதவையான புல்பாயும் பெரும்பாலான குளங்களிலேயே இருக்கும். விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

கடையில் உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் இரண்டு பொருள்கள் உண்டு: காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், உள்ளங்கையில் மாட்டும் தட்டையான கைப் பேடில். ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் கற்கும்போது இரண்டும் வேண்டாம். ஃபின்ஸ் போட்டால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி உதைக்கவே முடியாது. கையசைவு சரியாகாத நிலையில் பேடில் போட்டால் தோள்தான் வலிக்கும்.

அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, அடிப்படை ஓரளவு வந்தபின் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் இரண்டு மூன்று தனி வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் கும்பலாக நடக்கும் வகுப்பைவிட அதில் பலன் அதிகம் என்பது என் கருத்து.

சில குளங்களில் சேரும்போது மருத்துவச் சான்று கேட்பார்கள். ஆழமான பகுதிக்குப் போக ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். உங்களுக்கு இதய நோய், வலிப்பு, பழைய முழங்கால் காயம் ஏதாவது இருந்தால், குளம் சான்று கேட்காவிட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

அப்புறம் வீடியோ. உங்கள் நீச்சலை நீங்கள் பார்க்காமல் திருத்தவே முடியாது. ஆனால் பல குளங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, கூட்டம் இல்லாத நேரத்தில், வேறு யாரும் சட்டகத்தில் வராதபடி எடுங்கள். கரையிலிருந்து பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, தலா ஒரு லேன் போதும். தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆவணம்.

3. உதைக்காமல் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பாருங்கள்

சுவரை உதைத்துத் தள்ளிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டி, ஒரு கையின் மேல் மற்றொரு கையை வைத்து, தலையைக் கைகளுக்கிடையே புதைத்து, அப்படியே சறுக்கிப் போங்கள். கை கால் எதையும் அசைக்கக் கூடாது. நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதையே தலையை நிமிர்த்தி முன்னால் பார்த்தபடி செய்யுங்கள். தூரம் சட்டென்று குறையும். காரணம் எளிது. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும். இடுப்பும் காலும் கனம், அவை அமிழப் பார்க்கும். தலையைத் தூக்கினால் அந்தப் பக்கம் இன்னும் அமிழ்ந்து, உடம்பு சரிவாக நின்று தண்ணீரை மறிக்கிறது. பார்வை குளத்தின் அடித்தரையில் இருக்கட்டும். மார்பைச் சற்றே கீழே அழுத்தினால் இடுப்பு மேலே வரும்.

முதல் வாரம் முழுவதும் நீந்தத் தொடங்கும் முன் பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் ஒவ்வொரு சுற்றும் இந்த நிலைக்குத்தான் திரும்பி வர வேண்டும், இதுவே கோணலாக இருந்தால் மீதி எல்லாம் கோணல்.

4. கிக்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகிய மற்ற மூன்று நீச்சல்களில் கைதான் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போகும். இதில் கால்தான் முக்கியம்.

குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். பாதத்தை நடனக்காரர்போல் நீட்டி வைத்துக்கொண்டு காலை வெளியே சுழற்றி உள்ளே கொண்டுவந்தால் தண்ணீர் வழுக்கிப் போய்விடும், காலில் எந்தக் கனமும் தெரியாது. இப்போது குதிகாலை வெளியே தள்ளி, பாதத்தை முன்னங்காலை நோக்கி மடக்கி, விரல்களை வெளிப்பக்கம் திருப்புங்கள். அதே சுழற்றல். உள்ளங்காலின் உட்பக்கத்திலும் கெண்டைக்காலின் உட்பக்கத்திலும் தண்ணீர் அழுத்துவது தெரியும், மேற்பரப்பில் சிறு சுழி எழும். அந்த அழுத்தத்தைத்தான் நீந்தும்போது தேட வேண்டும். தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் நீங்கள் முன்னால் போவீர்கள். எதைக் கொண்டு தள்ளுகிறோம் என்றால், அந்த உட்பக்கத்தைக் கொண்டு.

இனி ஒரு முழு கிக்:

குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுங்கள். முழங்காலை வயிற்றை நோக்கி இழுக்காதீர்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் விளைவு வேறு. முழங்கால் வயிற்றுக்கடியில் வந்தால் இரண்டு தொடைகளும் தண்ணீருக்கு எதிரே கதவுபோல நின்றுவிடும். முதல் பகுதியில் சொன்ன அந்த நின்றுபோகும் நொடி இங்கேதான் உண்டாகிறது. குதிகாலை இழுக்கும்போது பாதம் தொடையின் நிழலுக்குள் ஒளிந்தபடி வரட்டும். மெதுவாக இழுக்க வேண்டும்.

குதிகால் மேலே வந்ததும் பாதத்தைச் சடாரென்று மடக்கி வெளியே திருப்புங்கள். அப்போது பாதம் முழங்காலைவிட வெளியே இருக்க வேண்டும். முழங்கால்களின் இடைவெளி இடுப்பு அகலத்தைவிடச் சற்று அதிகம், தோள் அகலத்தைத் தாண்டக் கூடாது. பிறகு வெளியே, பின்னே, உள்ளே என்று ஒரே வீச்சாகத் தள்ளி, கால்களைச் சேர்த்து, விரல்களை நீட்டி முடியுங்கள். போகப்போக வேகம் கூட வேண்டும். கால்களைச் சேர்க்காமல் பாதியில் விடுவது பலரிடம் இருக்கும் பழக்கம். விரிந்த கால்கள் கீழே தொங்கி, கிடைத்த வேகத்தைத் தின்றுவிடும்.

மூன்று பயிற்சிகள் சொல்கிறேன். ஒன்று, மல்லாந்து படுத்துக் கிக் அடிப்பது. முழங்கால் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டினால் தவறு உடனே கண்ணுக்குத் தெரியும். இரண்டு, குப்புறப் படுத்து, கைகளைப் பிட்டத்துக்கருகே வைத்து, ஒவ்வொரு கிக்கிலும் குதிகால் விரல்நுனியைத் தொடுகிறதா என்று பார்ப்பது. மூன்று, கிக்போர்டோடு ஒரு லேனை எத்தனை கிக்கில் கடக்கிறீர்கள் என்று எண்ணுவது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வர வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. ஒரு பாதம் சரியாக வெளியே திரும்பியிருக்கும், மற்றொன்று நீட்டியபடியே இருக்கும். நீந்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பின்னாலிருந்து எடுத்த வீடியோவில்தான் தெரியும். போட்டியில் இதற்குத் தகுதிநீக்கம் செய்வார்கள், ஏனென்றால் தள்ளும்போது இரண்டு பாதங்களும் வெளியே திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. கணுக்கால் இறுக்கமாக இருப்பவர்கள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தை மடக்கி வெளியே திருப்பி, இருபது விநாடி பிடித்து விடுங்கள். தினமும் சில முறை போதும்.

5. கை: சின்னதாக, சீக்கிரமாக

கைகளை நீட்டிய நிலையிலிருந்து தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரியுங்கள். அங்கே விரல்நுனி கீழே பார்க்க, முழங்கை உயரத்திலேயே நிற்க, முன்கையால் தண்ணீரைப் பிடித்துப் பின்னும் உள்ளுமாக அழுத்துங்கள். மார்புக்கு முன்னால் கைகள் சேர்ந்ததும் நிற்காமல் முன்னால் செலுத்துங்கள். நீந்தும்போது உங்கள் கைகள் எப்போதும் உங்கள் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் முழங்கை போய்விட்டால் அதை முன்னால் கொண்டுவரும்போது பெரிய எதிர்ப்பு. நிறைய இழுத்தால் நிறைய நகரலாம் என்று இடுப்புவரை இழுப்பவர்கள் உண்டு. அது வீண். கிளம்பும்போதும் திரும்பும்போதும் வரும் முதல் இழுப்பைத் தவிர மற்றவற்றில் கை இடுப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

6. மூச்சுக்காகத் தலையைத் தூக்காதீர்கள்

கைகள் உள்ளே சேரும்போது தோள்கள் தானாகவே மேலே எழும். தலை அதோடு வந்தால் போதும். முகவாயை உயர்த்தி எதிர்ச் சுவரைப் பார்க்கிறீர்கள் என்றால் இடுப்பு அமிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். பார்வை ஒன்றிரண்டு மீட்டர் முன்னால், தண்ணீரின் மேல் இருக்கட்டும்.

தண்ணீருக்குள்ளேயே மூச்சை முழுக்க விட்டுவிட வேண்டும். மேலே வந்தபிறகு விட்டு, அப்புறம் இழுத்தால் நேரம் போதாது, தலை நீண்ட நேரம் வெளியே நிற்கும். மூச்சு வாங்குகிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் காற்றுப் பற்றாக்குறை இல்லை, பழைய காற்றை வெளியே விடாததுதான் சிக்கல்.

7. நேரக்கணக்கு: எல்லாம் இங்கேதான் சேர்கிறது

வரிசை இது: கை, மூச்சு, கால், நீட்டம்.

கை இழுக்கும்போது கால் நீண்டு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். கைகள் மார்பருகே சேரும்போது குதிகால் மேலே வரத் தொடங்கும். கைகள் முன்னால் நீண்டு முடியும் தறுவாயில் கால் தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் கிக் தரும் வேகம் முழுவதும் நீண்ட, ஒடுங்கிய உடம்புக்குக் கிடைக்கும்.

கையையும் காலையும் ஒரே நேரத்தில் விரித்து ஒரே நேரத்தில் சுருக்குவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. கால் தள்ளும்போது விரிந்த கைகள் தண்ணீரைத் தடுக்கின்றன, கை இழுக்கும்போது மடங்கிய கால்கள் தடுக்கின்றன. எவ்வளவு பலம் போட்டாலும் ஒன்று கொடுப்பதை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும்.

திருத்த வழி: ஒரு கைவீச்சுக்கு இரண்டு கிக். முதல் கிக் வழக்கம்போல, இரண்டாவது கிக்கின்போது கைகள் நீண்டபடியே, முகம் தண்ணீருக்குள். கை அவசரப்படும் பழக்கம் இதில் உடைந்துவிடும். இது வந்தபின் ஒன்றுக்கு ஒன்று என்று மாறி, ஒவ்வொரு கிக்குக்குப் பின்னும் மனதுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணிவிட்டு அடுத்த இழுப்பைத் தொடங்குங்கள்.

ஆனால் நீட்டத்துக்கும் அளவுண்டு. நின்றுபோகும்வரை சறுக்கிக்கொண்டே இருந்தால், நின்ற உடம்பை மறுபடி கிளப்பும் செலவு ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தலையில் விழும். வேகம் இறங்கத் தொடங்குவதை முகத்தில் உரசும் தண்ணீரே சொல்லும். அந்த நொடியில் கையை விரியுங்கள். நீண்ட தூரம் நிதானமாக நீந்தும்போது நீட்டம் அதிகமாகவும், 50 மீட்டர் விரைவாக நீந்தும்போது மிகக் குறைவாகவும் இருக்கும்.

8. சுவரிலிருந்து கிளம்பும்போது கிடைக்கும் தூரம்

லேன் முழுவதிலும் நீங்கள் அதிக வேகத்தில் இருப்பது சுவரை உதைத்த அந்தக் கணத்தில்தான். மேற்பரப்போடு ஒட்டிப் போகாமல் சற்று ஆழத்தில் கிளம்பினால் அலை எழுப்பும் எதிர்ப்பு நன்றாகக் குறையும். சறுக்கி, கைகளைத் தொடைவரை ஒரு முழு இழுப்பு இழுத்து, மறுபடி சறுக்கி, கைகளை உடம்போடு ஒட்டியபடி முன்னால் கொண்டுவந்து, ஒரு கிக்கோடு மேலே வாருங்கள். முதல் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்குக்கு முன்னால் இரண்டு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் டால்ஃபின் கிக் ஒன்றே ஒன்று அடிக்க விதி இடம் கொடுக்கிறது. புதியவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எச்சரிக்கை: நீருக்கடியில் அதிக தூரம் போக வேண்டும் என்று வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுப் பயிற்சி செய்யாதீர்கள். தண்ணீருக்குள் மயக்கம் வந்து உயிரே போகலாம். நீருக்கடியில் சறுக்கும் பயிற்சியையும் யாரும் தனியாகச் செய்யக் கூடாது.

9. குறித்து வையுங்கள்

வாரத்துக்கு ஒருமுறை, 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு, எத்தனை விநாடி என்று எண்ணி இரண்டையும் கூட்டுங்கள். 14 வீச்சு, 34 விநாடி என்றால் 48. அடுத்த வாரம் 12 வீச்சு, 34 விநாடி என்றால் 46, முன்னேற்றம். 9 வீச்சுக்கு இறங்கி நேரம் 42 விநாடி ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 51. அளவுக்கு மீறிச் சறுக்குகிறீர்கள் என்று பொருள். ஒரே குளத்தில், உடம்பு களைக்கும் முன், ஒரேபோலச் சுவரை உதைத்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்றால் உடம்பு நிலை ஒரு வாரத்திலும், கிக் மூன்று நான்கு வாரத்திலும் ஓரளவு படியும். நேரக்கணக்கு பழக இன்னும் ஒரு மாதம் வையுங்கள். நடுவில் ஒரு கட்டத்தில் முன்பைவிட மெதுவாகப் போவது போலிருக்கும். பழைய பழக்கம் போய்ப் புதியது முழுசாக வராத நேரம் அது. அப்போது பழைய முறைக்கு ஓடிவிடாதீர்கள்.

10. முழங்காலின் உட்பக்கம் வலித்தால்

அன்றைக்குக் கிக்கை நிறுத்துங்கள். பாதம் வெளியே திரும்பியபடி கால் உள்ளே வீசும்போது முழங்காலின் உட்பக்கத் தசைநாரில் இழுவிசை விழுகிறது. ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும் வலி. முழங்கால்களை அளவுக்கு மீறி ஒட்டி வைத்தாலும் விரித்தாலும் வரும். உடம்பைச் சூடாக்காமல் முதல் லேனிலேயே முழு பலத்தில் உதைத்தாலும் வரும்.

அன்று புல்பாய் வைத்துக் கைப் பயிற்சி செய்யலாம், ஃப்ரீஸ்டைல் நீந்தலாம். ஓய்வுக்குப் பின் திரும்பும்போது பாதி பலத்தில், கிக் எண்ணிக்கையைக் குறைத்துத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, வீக்கம் இருந்தாலோ, படியிறங்கும்போது வலித்தாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பின்னாலிருந்து எடுத்த அந்த வீடியோவையும் கொண்டுபோங்கள். எந்தக் கோணத்தில் முழங்கால் திருகுகிறது என்று அவரால் நேரில் பார்க்க முடியும்.